கடைசி முதன்மை எண் என்று ஒன்று இல்லை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “2 இன் 136,279,841 ஆம் வலுவில் 1 ஐக் கழித்தால் வருவதே கடைசி முதன்மை எண்.” (முதன்மை எண் என்றால் 1 ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1 ஐ விடப் பெரிய முழு எண்.) சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தச் செய்தியை நம்பிவிடக் கூடாது.

2024 ஒக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த அது முதன்மை எண்தான், சரி. 41,024,320 இலக்கங்கள்! அன்றுவரை தெரிந்தவற்றில் மிகப் பெரியது. ஆனால் கடைசி அல்ல.

முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்பதைக் கிரேக்கக் கணிதவியலாளர் யூக்கிளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். எத்தனை முதன்மை எண்களை எடுத்தாலும், எல்லாவற்றையும் பெருக்கி 1 கூட்டுங்கள். அவற்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே புதிய முதன்மைக் காரணி ஒன்று இருந்தே தீரும். 2×3×5×7×11×13+1 = 30031. இது முதன்மை எண் இல்லை, 59×509. ஆனால் 59, 509 இரண்டுமே புதியவை.