குண்டான அம்மாவுக்குப் பால் ஊறாது என்பது பொய்

“உடம்பு கனமா இருக்கிற பொண்ணுக்குப் பால் ஊறாது, முன்னாடியே பவுடர் பால் வாங்கி வைங்க” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து இதைப் பிள்ளை பெற்றவளுக்கு அனுப்பாதீர்கள்.

இதில் உண்மை இவ்வளவுதான்: எடை கூடிய தாய்மார்களில் சிலருக்குப் பால் இறங்கத் தாமதமாகலாம். பொதுவாக இரண்டு மூன்று நாளில் மார்பு கனத்துப் பால் பெருகும், இவர்களுக்கு 72 மணி நேரம் தாண்டலாம். குழந்தை சப்பும்போது சுரந்து பாலை ஊறவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் முதல் வாரத்தில் குறைவாக இருப்பதும், சிசேரியன் அதிகம் நடப்பதும் காரணங்களில் சில. தாமதம் வேறு, ஊறவே ஊறாது என்பது வேறு.

அதுவரை குழந்தை பட்டினியா? இல்லை. சீம்பால் கர்ப்பத்திலேயே ஊறிவிடுகிறது, மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும், நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைக்கு முதல் நாள் பொதுவாக அதுவே போதும். பிறந்த 1 மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள், அப்புறம் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை. மார்பு பெரிதென்றால் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, குழந்தையைக் கக்கத்துப் பக்கமாக இடுக்கிப் பிடித்துக் கொடுத்துப் பாருங்கள். 4ஆம் நாளும் பால் இறங்கவில்லை, அல்லது எந்த நாளிலும் குழந்தை சிறுநீர் சரியாகப் போகாமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.