சிவப்பு நோட்டும் ஓர் ஏமாற்றமும்

அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகள், கையில் ஒரு ஆங்கில நாவலுடன் மூன்று நாள் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான்காம் நாள் பாதிக்கு மேல் தாண்டிய புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு, “இந்த லில்லி இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கவே இல்ல அத்தை” என்று சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்தது உண்மையான மனவருத்தம். அந்த நாவலை நான் முன்பே படித்திருந்ததால், எந்த இடத்தில் அவள் புத்தகத்தை மூடியிருப்பாள் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. அந்த இடத்துக்காகத்தான் அந்த நாவலே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

நூலின் பெயர் ‘டேஷ் அண்ட் லில்லிஸ் புக் ஆஃப் டேர்ஸ்’. ரேச்சல் கோன், டேவிட் லெவிதன் என்ற இருவர் சேர்ந்து எழுதி 2010-ல் வெளிவந்தது. நியூயார்க் நகரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு தொடங்கிப் புத்தாண்டையொட்டி முடியும் கதை. டேஷ் என்ற பதினாறு வயதுப் பையன் ‘ஸ்ட்ராண்ட்’ புத்தகக் கடையில் தனக்குப் பிடித்த எழுத்தாளரின் வரிசையைத் தடவிக்கொண்டு போகும்போது, புத்தகங்களுக்கு நடுவே ‘மோல்ஸ்கின்’ என்ற நிறுவனத்தின் சிவப்பு நோட்டு ஒன்று செருகியிருப்பதைக் காண்கிறான். உள்ளே ஒரு பெண்ணின் கையெழுத்தில் ஒரு சவால். கடையின் வெவ்வேறு தட்டுகளிலிருந்து சில நூல்களைத் தேடியெடுத்து, சொன்ன பக்கங்களில் சொன்ன சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தால் அவள் கேட்கும் கேள்வி கிடைக்கும். ஸ்ட்ராண்ட் கற்பனைக் கடை அன்று. 1927-ல் தொடங்கப்பட்டு, இப்போது பிராட்வேயும் பன்னிரண்டாம் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. ‘பதினெட்டு மைல் நீளப் புத்தகங்கள்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கடை. பதினெட்டு மைல் நீளத்துக்குள் ஒரு நோட்டு உரிய கண்ணில் படுவது எவ்வளவு அரிது என்பதை நினைத்துக்கொண்டே அந்த முதல் அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

பண்டிகைக் காலத்துப் பதின்பருவக் காதல் கதைகளை நம்மில் பலர் மேலோட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அட்டையில் பனித்துளி, உள்ளே சூடான சாக்லேட் பானம், கடைசிப் பக்கத்தில் முத்தம் என்று ஒரு வாய்ப்பாடு இருப்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பண்டிகை அந்தக் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் நல்ல நாவல் எது, வெறும் அலங்காரம் எது என்று பிரிக்க முடியும். 2008-ல் ஜான் கிரீன், மாரீன் ஜான்சன், லாரன் மிராகிள் மூவரும் சேர்ந்து எழுதிய ‘லெட் இட் ஸ்னோ’வில் அந்த வேலையைப் பனிப்புயல் செய்தது. ரயில் பாதி வழியில் நின்றுபோகிறது, ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் ஒரே சிற்றூரில் மாட்டிக்கொள்கிறார்கள், கதை நகர்கிறது. டேஷ், லில்லி கதைக்குப் பனி தேவைப்படவில்லை. அங்கே பண்டிகை செய்யும் காரியம் பெரியவர்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவதுதான்.

இதை நூலாசிரியர்கள் எவ்வளவு சிக்கனமாகச் சாதிக்கிறார்கள் என்று பாருங்கள். டேஷின் பெற்றோர் பிரிந்து வாழ்கிறவர்கள். பண்டிகைக்கு அப்பா வீட்டில் இருப்பதாக அம்மாவிடமும், அம்மா வீட்டில் இருப்பதாக அப்பாவிடமும் சொல்லிவிட்டு, காலியான வீட்டில் தனியாக இருந்துகொள்கிறான். அந்தப் பொய் இத்தனை சுலபமாகச் செல்லுபடியாவதற்கு ஒரே காரணம், அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பதுதான். ஆசிரியர்கள் இதைப் பற்றி ஒரு சொட்டுக் கண்ணீர்கூடச் சிந்தவில்லை. பையன் அதைத் தன் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டு போகிறான், வாசிக்கிறவருக்குத்தான் நெஞ்சில் தைக்கிறது. லில்லியின் நிலை வேறு. கிறிஸ்துமஸ் என்றால் உயிரை விடுகிற பெண். பாட்டுக் குழு சேர்த்துத் தெருத்தெருவாகக் கேரல் பாடுகிறவள். அந்த வருடம் பார்த்து அவள் பெற்றோர் திருமண நாளுக்காக ஃபிஜித் தீவுக்குப் போய்விடுகிறார்கள், தாத்தா ஃபுளோரிடாவுக்குக் கிளம்புகிறார். வீட்டில் மிஞ்சியிருக்கும் அண்ணன் லாங்ஸ்டனோ தன் புதுக் காதலன் பென்னியோடு பொழுதைக் கழிப்பதற்காகத் தங்கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருக்கிறது. சிவப்பு நோட்டு பிறந்தது அப்படித்தான். விதி, ஜாதகப் பொருத்தம் எதுவும் இல்லை. தங்கையைக் கொஞ்ச நேரம் அப்பால் அனுப்ப நினைத்த ஓர் அண்ணனின் யோசனை. இந்த நகைச்சுவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பண்டிகையை வெறுக்கிற ஒருவனும் நேசிக்கிற ஒருத்தியும் சேர்வது பழைய கதைதான். இங்கே அவனுடைய வெறுப்பும் அவளுடைய நேசமும் ஒரே காரணத்தில் வேர்விட்டிருக்கின்றன என்பதுதான் புதிது. ஊரெல்லாம் கூட்டமாகக் கூடும் நாளில் இரண்டு பேரும் தனியாக விடப்பட்டவர்கள். நம் ஊரில் தீபாவளி அன்று காலை பத்து மணிக்குமேல், பட்டாசுக் குப்பை கிடக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நோட்டு கைமாறும் பகுதிகள் நூலின் உயிர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், நகரத்தின் ஓரிடத்தில் நோட்டை விட்டுவிட்டு, அடுத்தவருக்கு ஒரு சவாலையும் விட்டுச் செல்கிறார்கள். மேசிஸ் கடையில் குழந்தைகள் சாண்டா கிளாஸ் மடியில் உட்கார வரிசையில் காத்திருக்க, அவர்களுக்கு நடுவே நெட்டையாக ஒரு பதினாறு வயதுப் பையன் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறான்; அந்தச் சாண்டா வேடத்தில் இருப்பவர் லில்லியின் உறவினர் என்பது அவனுக்குத் தெரியாது. பதிலுக்கு அவன் அவளை எஃப்.ஏ.ஓ. ஷ்வார்ட்ஸ் பொம்மைக் கடைக்கு அனுப்பி ஒரு மப்பெட் (கையால் ஆட்டுவிக்கும் துணிப்பொம்மை) செய்ய வைக்கிறான். (அந்தக் கடையின் ஐந்தாம் அவென்யூக் கிளை 2015-ல் மூடப்பட்டுவிட்டது, 2018-ல் ராக்கெஃபெல்லர் பிளாசாவில் மறுபடி திறந்தார்கள். நகரக் கதைகள் இப்படித்தான் விரைவில் பழைய வரைபடமாகிவிடுகின்றன.) சவால்கள் விளையாட்டாக இருந்தாலும், அவற்றைச் செய்துவிட்டு வந்து நோட்டில் எழுதும் வரிகளில் விளையாட்டு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகிறது. தன்னைப் பள்ளியில் ‘ஷ்ரில்லி’ (கீச்சுக்குரல் லில்லி) என்று கேலி செய்தது, தனக்கென்று நண்பர்கள் அமையாதது என்று யாரிடமும் சொல்லாதவற்றை லில்லி எழுதத் தொடங்குவது, எதிரே முகம் இல்லாததால்தான். அன்னத்தையும் நெஞ்சையும் தமிழையுமே தூதுவிட்ட மரபில் வந்த நமக்கு ஒரு நோட்டைத் தூதாகப் பார்ப்பதில் சிரமமில்லை.

இப்போது என் அண்ணன் மகள் புத்தகத்தை மூடிய இடத்துக்கு வருகிறேன். எழுத்தின் வழியே டேஷ் தன் மனத்தில் ஒரு லில்லியைக் கட்டி எழுப்பிவிட்டான். அவளும் ஒரு டேஷைக் கட்டி வைத்திருக்கிறாள். இடையில் அவள் ஓரிடத்தில் தன் பூட்ஸ் ஒன்றை விட்டுவிட்டு ஓடிவிட, அது அவன் கையில் சேர, சிண்ட்ரெல்லா கதை தயார் என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆனால் இருவரும் உண்மையிலேயே முகம் பார்த்துப் பேசும் முதல் இரவில் லில்லி குடித்துத் தள்ளாடிக்கொண்டிருக்கிறாள். வசனம் எதுவும் பொருந்தவில்லை, அழகு எதுவும் இல்லை, அவனுக்குப் பெரும் ஏமாற்றம், விடிந்ததும் அவளுக்குத் தாங்க முடியாத கூச்சம். நோட்டுக்குள் அவ்வளவு நேர்த்தியாக இருந்த இரண்டு பேர் வெளியே வந்ததும் சாதாரணமான, அசடு வழியும் பிள்ளைகளாக நிற்கிறார்கள்.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் காணாமலே நட்புக் கொண்டார்கள், வடக்கிருந்து உயிர்விடும் நேரத்தில்தான் ஒன்றுசேர்ந்தார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த நட்புக்கு மறுநாள் காலையில் சேர்ந்து காப்பி குடிக்க வேண்டிய கட்டாயம் வரவில்லை என்பதையும் (பெரியவர்கள் மன்னிக்க) சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த நாவல் பிள்ளைகளுக்கு அந்த மறுநாள் காலையைக் காட்டுகிறது. கைப்பேசியில் மாதக்கணக்கில் எழுதிப் பழகிவிட்டு நேரில் பார்த்ததும் பேச்சு வராமல் நிற்கிற இன்றைய பதின்வயதினருக்கு இதைவிட அண்மையான விஷயம் வேறு என்ன இருக்கிறது?

குறைகள் உண்டு. டேஷ் பேசும் மொழி பல இடங்களில் பதினாறு வயதுப் பையனுடையதாக இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு ஏங்குகிறவன் என்று சொல்லிவிட்டால் எல்லாச் சொல் விளையாட்டுக்கும் அனுமதிச்சீட்டு கிடைத்துவிடும் என்று ஆசிரியர்கள் நினைத்திருக்கிறார்கள். நகரத்தில் எங்கே திரும்பினாலும் லில்லிக்கு ஒரு மாமாவோ அத்தை மகனோ வேலையில் இருப்பதும் வசதியான ஏற்பாடு. ஒரு குழந்தையை லில்லி பாய்ந்து பிடித்துக் காப்பாற்றப் போய் இருவரும் போலீஸிடம் மாட்டும் காட்சி எனக்குச் சற்று மிகையாகவே பட்டது, அவள் கால்பந்தில் கோல்கீப்பர் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாலும்கூட. 2016-லும் 2020-லும் வந்த அடுத்த இரண்டு பாகங்களைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. நோட்டின் மர்மம் போன பிறகு மிஞ்சுவது வழக்கமான காதல் பிணக்குகள்தாம்.

2020 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் இதை எட்டுப் பகுதித் தொடராக எடுத்தது. லில்லியை ஜப்பானிய வேர்கள் கொண்ட குடும்பத்துப் பெண்ணாக மாற்றியது நல்ல முடிவு. மோச்சி என்ற ஜப்பானிய அரிசிப் பண்டம் செய்யும் பாட்டிமார்களுக்கு நடுவே டேஷ் மாட்டிக்கொண்டு விழிக்கும் காட்சி நூலின் மனநிலையோடு பொருந்தியே வருகிறது. ஆனால் திரையில் நடிகர்களின் முகத்தை முதலிலேயே பார்த்துவிடுகிறோம். முகமே தெரியாமல் எழுத்தை மட்டும் நம்பி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளும் அந்த அனுபவம் நூலில்தான் கிடைக்கும். இரண்டு ஆசிரியர்களும் ஆளுக்கொரு பாத்திரமாக மாற்றி மாற்றி அத்தியாயங்களை எழுதியிருப்பதால், ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் எழுதுகிற அதே துடிப்பு பக்கங்களிலும் இருக்கிறது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று சென்ற முறை ஒரு நூலைப் பற்றி எழுதியபோது சிலர் கேட்டிருந்ததால் சொல்கிறேன். வயதுக்கு மீறிய குடி ஒரு முக்கியக் காட்சியில் வருகிறது, அதன் சங்கடத்தோடு சேர்ந்தே வருகிறது. லாங்ஸ்டன், பென்னி காதலை நூல் எந்தப் பதைப்புமின்றி இயல்பாக எழுதுகிறது. முதல் புதிருக்குள் கடைக்காரரிடம் கேட்கவே கூச்சப்பட வேண்டிய ஒரு தலைப்பு இருக்கிறது. பதினான்கு வயதுக்கு மேல் தயங்காமல் கொடுப்பேன்.

என் அண்ணன் மகள் இரண்டு நாள் லில்லியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாள். பிறகு ஒரு மாலையில் எதுவும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்து, மிச்சத்தை ஒரே மூச்சில் முடித்தாள். ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் கொடுத்தபோது, கோபத்தில் நிறுத்திய பக்கத்தில் அவள் அடையாளத்துக்கு வைத்திருந்த பேருந்துப் பயணச்சீட்டு அப்படியே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.