கண்ணாடியின் பின்பக்கம் வரைந்த காப்ரியேல் முன்டர்

ஜெர்மன் ஓவியர் காப்ரியேல் முன்டரின் பெயர் நான் படித்த குறிப்புகளில் பெரும்பாலும் ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியின் காதலி என்று தொடங்கி, கண்டின்ஸ்கி அவரைக் கைவிட்டுப் போன கதையோடு முடிந்துவிடுகிறது. கதை பொய்யன்று. ஆனால் இருவரும் பழகிய ஓவிய நண்பர் வட்டத்தில் கண்ணாடி ஓவியத்தை முதலில் கையிலெடுத்தவர் முன்டர்தான் என்பதும், கண்டின்ஸ்கி முதலிய மற்றவர்கள் அவருக்குப் பின்னரே அதற்கு வந்தார்கள் என்பதும் அதில் விடுபட்டுப் போகின்றன.

அவர் 1877இல் பெர்லினில் பிறந்தபோது, அரசு கலைக் கல்விக்கூடங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. பெற்றோரை இழந்தபின், 1898 முதல் 1900 வரை அக்காவுடன் அமெரிக்காவில் மிசௌரி, ஆர்கன்சா, டெக்சஸ் என்று உறவினர் வீடுகளில் தங்கி, கோடக் கேமராவில் சுமார் 400 படங்கள் எடுத்தார். பிறகு கண்டின்ஸ்கியுடன் துனிஸ், இத்தாலியின் ராபல்லோ, பாரிஸை அடுத்த செவ்ர் என்று ஊர் ஊராகப் போனார். இத்தனை பார்த்தவர் மனம் தங்கியது தெற்கு ஜெர்மனியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து முர்னாவ் என்ற சிற்றூரில்தான். அங்கே மதுவடிப்பாலை நடத்திய யோஹான் க்ரோட்ஸ் என்பவரிடம் ஏறத்தாழ 1,000 பழைய கண்ணாடி ஓவியங்கள் இருந்தன. அந்தப் பழைய முறையில் இன்னமும் வரைந்துகொண்டிருந்தவர் ஹைன்ரிஷ் ரம்போல்ட். முன்டர் அவரிடம் போய்த் தொழில் கற்றுக்கொண்டார்.

தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்கள் எப்படி உருவாகின்றன என்று அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. கண்ணாடியின் பின்பக்கம் தீட்டி முன்பக்கமாகப் பார்ப்பதால், வேலை முழுவதும் தலைகீழாக நடக்கிறது. சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியின் வெள்ளைப் புள்ளியை இங்கே முதலிலேயே வைத்துவிட வேண்டும். கருங்கோடு, ஆடையின் மடிப்பு, உடல் நிறம் என்று வந்து, பின்னணிதான் கடைசி. வைத்த புள்ளி தவறென்றால் அதன்மேல் வேறு நிறம் பூசிப் பயனில்லை, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இடது வலதாகிவிடும் என்பதால் கையெழுத்தைக்கூட இடவலம் மாற்றியே எழுத வேண்டும். கேன்வாஸில் அடித்துத் திருத்தி வளர்ந்த கைக்கு இது கடுமையான பயிற்சி.

முன்டரின் தைல ஓவியங்களில் தெரியும் தடித்த கருங்கோட்டுக்கும் தட்டையான நிறத்துக்கும் அதே வட்டத்து ரஷ்ய ஓவியர் ஜாவ்லென்ஸ்கியும் பாரிஸில் பார்த்த ஓவியங்களும்தான் காரணம் என்பார் உண்டு. அதை நான் மறுக்கவில்லை; 1908லேயே அந்தப் போக்கு தொடங்கிவிட்டது. ஆனால் கோட்டைப் போட்டுவிட்டுப் பின்வாங்காத துணிவு கண்ணாடியில் பழகியதால் உறுதிப்பட்டது என்றே நினைக்கிறேன். 1911இல் அவர் தீட்டிய ‘புனித ஜார்ஜுடன் ஓர் அசையாப் பொருள் காட்சி’ என்ற ஓவியத்தில், மாதா சிலைகளுக்கு மேலே குதிரையேறிய ஜார்ஜின் கண்ணாடிப் படம் ஒன்று மங்கலாக மிதக்கிறது. படித்த ஓவியர்கள் கைவினை என்று ஒதுக்கிய பொருளைத் தன் படத்துக்குள்ளேயே உயரத்தில் வைத்திருக்கிறார்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ‘நாட்டார் கலையின் தாக்கம்’ என்று இரண்டு சொல்லில் கடந்துவிடுகிறோம். தாக்கம் காற்றில் வருவதில்லை. ரம்போல்ட் என்ற மனிதர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். நவீன ஓவிய வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருப்பதோ அடிக்குறிப்பு.

நாஜிகள் நவீன ஓவியங்களைச் சீரழிந்த கலை என்று வேட்டையாடிய ஆண்டுகளில், முன்டர் கண்டின்ஸ்கியின் படங்களையும் நண்பர்களின் படங்களையும் முர்னாவ் வீட்டின் நிலவறையில் மறைத்துக் காத்தார். 1957இல், தம் 80ஆம் பிறந்தநாளையொட்டி, கண்ணாடி ஓவியங்கள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1962இல் முர்னாவிலேயே காலமானார்.

மியூனிக் போகிறவர்கள் லென்பாக்ஹவுஸோடு திரும்பிவிட வேண்டாம். ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தெற்கே போனால் முர்னாவில் முன்டரின் வீடும், பழைய கண்ணாடி ஓவியங்களை வைத்திருக்கும் அரண்மனை அருங்காட்சியகமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்பது அந்த வரிசையில் பார்த்தால்தான் துலங்கும்.