வாளையாரில் போன் ஆர்.சி. செல்லாதா?

"கேரள எல்லையான வாளையார் தாண்டினால் போனில் காட்டும் லைசென்ஸ், ஆர்.சி. செல்லாது, ஒரிஜினல் இல்லாத லாரிக்கு அபராதம்" என்று டிரைவர் குரூப்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மத்திய மோட்டார் வாகன விதி 139, 2018 நவம்பரில் திருத்தப்பட்டது. ஆவணங்களை மின்னணு வடிவிலும் காட்டலாம். அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் இருப்பவை ஒரிஜினலுக்குச் சமம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் அந்த ஆகஸ்டிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கேரளத்துக்கும் அதே விதிதான். அமைச்சகத் தளத்தில் படிக்கலாம்.

கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது பெரிய விஷயம். ஆர்.சி. ஆபீஸ் பீரோவில் தூங்கும், வண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நிற்கும். ஆனால் முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ இந்தக் கணக்கில் வராது. குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்கும் போல.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், அண்ணே. கோவை தாண்டும் முன் செயலியை ஒருமுறை திறந்து பாருங்கள், போதும்.