துடைப்பத்தைக் கிடாராக்கி ஆடியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் மொட்டை மாடியில் நம் ராக் ரசிகர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நேற்று ராத்திரி, நான் அங்கே இருந்தேன் என்பதுகூடத் தெரியாமல், "அண்ணே, இதப் பாத்தீங்களா" என்று ஒரு தம்பி எனக்கே அனுப்புகிறான். பார்த்தேன் தம்பி. நேரிலேயே பார்த்தேன். அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் பேண்டின் கிடாரிஸ்ட் ஜானிக் கெர்ஸைக் கிண்டல் செய்து துடைப்பத்தைத் தோளைச் சுற்றிச் சுழற்றியதையும், தண்ணீர் டேங்க் மேல் காலைத் தூக்கிப் போட்டு ஆடியதையும், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்ததையும், அப்புறம் "ஒரிஜினலா டூப்ளிகேட்டா" என்று கை தூக்கச் சொல்லி ஓட்டெடுத்ததையும் பார்த்தேன். ஜானிக்குக்கு முன்னால் அந்த இடத்தில் வாசித்த ஏட்ரியன் ஸ்மித்துக்கு எல்லாக் கையும் எழுந்தது. ஜானிக் கெர்ஸுக்கு என் கை மட்டும்தான். அதையும் வீடியோவில் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறீர்கள்.

சரி, பேசிவிடலாம். ஒருவர் விட்டுப்போன இடத்துக்கு இன்னொருவர் வந்து நிற்கும்போது, போனவரைப் பக்கத்தில் நிறுத்தி வந்தவரை அளக்காதீர்கள். அவர் அங்கே நின்று என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

முதலில் இந்த "டூப்ளிகேட்" என்ற பேச்சு. ஏட்ரியன் அயர்ன் மெய்டனை விட்டுப் போனது 1990-இல். அந்த வருடமே ஜானிக் வந்தார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட அவர் அந்த பேண்டை விட்டு வெளியே போகவில்லை. 35 வருடத்துக்கு மேல். அந்த மாடியில் கை தூக்கிய பாதிப் பேர் அவர் சேர்ந்தபோது பிறந்திருக்கவே மாட்டீர்கள். 35 வருடமாக ஒரு வீட்டில் குடியிருப்பவரைப் பார்த்து இன்னும் "புதுசா வந்தவரு" என்று சொல்வீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் ஏட்ரியனே இன்னொருவர் இடத்துக்கு வந்தவர்தான். 1980-இல் வந்த முதல் ஆல்பத்தில் இன்னொரு கிடாரிஸ்ட் டேவ் முர்ரேயோடு கிடார் வாசித்தவர் டென்னிஸ் ஸ்ட்ராட்டன். அவரை அனுப்பிவிட்டு அந்த வருடக் கடைசியில்தான் ஏட்ரியனைச் சேர்த்தார்கள். நீங்கள் சாமி மாதிரி கும்பிடும் பாடகர் புரூஸ் டிக்கின்சனும், முன்னால் பாடிய பால் டி'ஆனோ போனபிறகு வந்தவர்தான். ஏட்ரியனும் புரூஸும் இடத்துக்கு வந்தால் அது வரலாறு, ஜானிக் வந்தால் மட்டும் டூப்ளிகேட். எந்த ஊர் நியாயம் இது?

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் முதன்முதலில் கேட்ட மெய்டனே ஜானிக் இருந்த மெய்டன்தான். பர்மா பஜார் நடைபாதைக் கடையில் வாங்கிய நகல் கேசட், 1992-இல் வந்த 'ஃபியர் ஆஃப் தி டார்க்'. அட்டையில் யார் யார் வாசித்தார்கள் என்றுகூட இருக்காது. வியாசர்பாடியில் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில், அம்மா திட்டத் திட்ட, திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அந்த ஆல்பத்தில் ஏட்ரியன் கிடையாது. கச்சேரிக்குக் கச்சேரி ஆயிரக்கணக்கான பேர் வார்த்தையே இல்லாத கிடார் மெட்டை வாயாலேயே பாடுகிறார்களே, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் "ஓ... ஓ..." என்று கத்திப் பாடினீர்களே, ஆல்பத்தின் பெயரையே கொண்ட அந்தப் பாட்டு பிறந்தபோது கிடாரோடு நின்றவர்கள் டேவ் முர்ரேயும் ஜானிக்கும்தான். அதைப் பாடிவிட்டு அடுத்த பத்தாவது நிமிடம் துடைப்பத்தை எடுத்தீர்கள்.

அடுத்து, ஸ்டேஜ் பிரசன்ஸ், அதாவது மேடையில் நிற்கும் தோரணை. எல்லாரும் பெரிய விஷயம் தெரிந்தவர்கள் மாதிரி இந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள். ஏட்ரியன் அமைதியாக, அடக்கமாக நிற்பார், கண்ணை மூடி வாசிப்பார், அதுதான் கம்பீரமாம். ஜானிக் கிடாரைச் சுழற்றுவார், துள்ளுவார், ஸ்டேஜ் ஓரத்தில் காலைத் தூக்கிப் போடுவார், அது கோமாளித்தனமாம்.

2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். மெய்டன் இந்தியாவுக்கு வந்த முதல் தடவை. சென்ட்ரலில் அன்ரிசர்வ்டில் ஏறி, கதவுப் பக்கம் நின்றுகொண்டே போனோம். கையில் இருந்த காசு டிக்கெட்டுக்கே சரியாகப் போய்விட்டது. மெய்டனுக்கு முன்னால் டெல்லி பேண்ட் பரிக்ரமா வாசித்தார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் நின்றது ரொம்பப் பின்னால். முன்னால் தலை, தலை, தலை. ஒருவர் முகமும் தெரியவில்லை. ஏட்ரியன் கண்ணை மூடி வாசித்தாரா திறந்து வாசித்தாரா, எங்களுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு தூரத்திலிருந்தும் ஒரே ஒருவர் அசைவு மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்தது. கிடார் காற்றில் சுற்றிக் கைக்குத் திரும்புவது தெரிந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓடுவது தெரிந்தது. டிக்கெட் வாங்கிக் கடைசியில் நிற்பவனையும் கச்சேரிக்குள் இழுத்துக்கொண்டு வந்த ஆள் அவர். அன்று என்னோடு வந்த நண்பர் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் அந்த இரவைப் பற்றிப் பேசினால் ஜானிக்கைப் பற்றித்தான் பேசுவார். அதனால் நீங்கள் யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

"அண்ணே, ஆட்டம் வேற, வாசிப்பு வேற. ஜானிக் சோலோவை ரெக்கார்டுல இருக்கிற மாதிரி வாசிக்கிறதில்ல, மழுப்புறாரு" என்று சொல்வீர்கள். சில இரவுகளில் கை வழுக்குகிறது, உண்மைதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் டீப் பர்ப்பிள் பேண்டின் கிடாரிஸ்டாக இருந்த ரிச்சி பிளாக்மோர் ஒரே சோலோவை ஒரே மாதிரி இரண்டு தடவை வாசிக்க மாட்டார் என்று உருகி உருகிப் பேசுவதும் நீங்கள்தான். அந்த பிளாக்மோரைப் பார்த்து வளர்ந்தவர் ஜானிக். அந்த வழியில் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். பிளாக்மோர் செய்தால் மேதை, ஜானிக் செய்தால் மழுப்பல். "மிக்ஸில் அவர் கிடாரே கேட்காது" என்பதற்கெல்லாம் பதில் சொல்லப் போவதில்லை, அதைச் சவுண்ட் என்ஜினியரிடம் கேளுங்கள்.

ஏட்ரியன் நல்ல பாட்டு எழுதுவார் என்கிறீர்கள். ஆமாம், எழுதுவார். எனக்கும் அவரைப் பிடிக்கும். அவருக்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெய்டனின் 'டான்ஸ் ஆஃப் டெத்' பாட்டை பேண்டின் தலைவர் ஸ்டீவ் ஹாரிஸோடு சேர்ந்து எழுதியவர் யார் என்பதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

1993-இல் புரூஸ் போய்விட்டார். அப்புறம் ப்ளேஸ் பெய்லி பாடிய காலத்தில் கூட்டம் குறைந்தது, அமெரிக்காவில் பெரிய பெரிய அரங்குகளில் வாசித்த பேண்ட் கிளப்புகளில் வாசித்தது. அப்போதெல்லாம் அங்கே நின்றவர் ஜானிக். 1999-இல் புரூஸும் ஏட்ரியனும் திரும்பி வந்தார்கள். பொதுவாக என்ன நடக்கும்? பழைய ஆள் வந்தால் இடையில் வந்தவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். மெய்டன் அனுப்பவில்லை. மூன்று கிடாரோடு நின்றார்கள், இன்றுவரை அப்படித்தான் நிற்கிறார்கள். ஏட்ரியனே ஜானிக்கின் பக்கத்தில் நின்று வாசிக்கிறார். ஸ்டீவ் ஹாரிஸுக்கு இல்லாத குறை, ஏட்ரியனுக்கு இல்லாத குறை, பெரம்பூர் மாடியில் இருந்த உங்களுக்கு எப்படி வந்தது?

"சும்மா ஜாலிக்குப் பண்ணது, ஏன் இவ்ளோ சீரியஸா எடுத்துக்கிறீங்க?" இதைத்தான் அன்றைக்கும் சொன்னீர்கள். இந்தப் பேச்சை நான் முதல் தடவை கேட்கவில்லை.

நான் ராயபுரம் பக்கம் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தது உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் அங்கே வாசித்த அண்ணன் கப்பலில் வேலை கிடைத்துப் போனார். பிரமாதமான ஆள். மானிட்டர் பாக்ஸ் மேல் ஏறுவார், கிடாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பார், கூட்டத்துக்குள் இறங்கி ஓடுவார். அவர் இடத்துக்கு நான் போனேன். எனக்கு ஆட வராது. நின்ற இடத்தில் நின்று, சுரம் பிசகாமல் வாசிப்பேன். முதல் ஆடி மாசம், அம்மன் கோயில் திருவிழா, தெரு முழுக்க ஜனம். இரண்டாவது பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னாடா இவன் மரம் மாதிரி நிக்கிறான்", "அந்த அண்ணன எங்கடா? அவர வரச் சொல்லு." நான் ஒரு சுரம்கூடத் தப்பு பண்ணவில்லை. பாடகர் மைக்கில் எல்லார் பெயரையும் சொன்னார், என் பெயரைச் சொன்னபோது ஒரு மூலையிலிருந்து அந்த அண்ணன் பெயரைக் கத்தினார்கள், மற்றவர்கள் கைதட்டினார்கள். கச்சேரி முடிந்து ஆம்ப்ளிஃபையரை வேனில் ஏற்றும்போது, கத்தியவர்களில் ஒருவர் வந்து தோளில் கை போட்டு, "ஜாலிக்குத்தான் நைனா, மன்சுல வெச்சுக்காத" என்றார். அந்தக் கிடாரை எடுத்துக்கொண்டு அடுத்த கச்சேரிக்குப் போக எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன். நான் ஆடாமல் நின்றேன், மரம் என்றார்கள். ஜானிக் ஆடுகிறார், கோமாளி என்கிறீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டில் பிரையன் ஜோன்ஸ் இடத்துக்கு 1969-இல் வந்த கிடாரிஸ்ட் மிக் டெய்லர் அசையாமல் நின்று அவ்வளவு அழகாக வாசித்தார், அவருக்கு பிரசன்ஸ் இல்லை என்று நம் கூட்டத்திலேயே பேசியிருக்கிறீர்கள். அப்படியானால் பின்னால் வந்தவர் எப்படித்தான் நிற்க வேண்டும்? நீங்கள் தேடுவது போனவரை. அவர் இல்லாத கோபத்தை, இருப்பவர் மேல் இறக்குகிறீர்கள்.

டாமி போலினை நினைத்துப் பாருங்கள். 1975-இல் பிளாக்மோர் போனபிறகு டீப் பர்ப்பிளுக்கு வந்தவர். அவ்வளவு திறமை. ஆனால் கச்சேரிகளில் அவர் எதிரிலேயே பிளாக்மோர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். 1976-இல் பேண்டும் கலைந்தது, அந்த வருடம் டிசம்பரிலேயே போதைப் பழக்கத்தில் இறந்துபோனார், 25 வயது. கத்தியவர்களால்தான் செத்தார் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரித்து யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட வேண்டாம். ஆனால் அவர் அந்த ஸ்டேஜில் நின்ற சில மாதங்களில் காதில் விழுந்தது எல்லாம் இன்னொருவர் பெயர். அன்றைக்குக் கத்தியவர்களும் கேட்டால் ஜாலிக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"ஜானிக் இதைப் பாக்கப்போறாரா என்ன?" என்று ஒருவர் கேட்டார். பார்க்க மாட்டார். ஆனால் அந்த மாடியில் மூலையில் உட்கார்ந்திருந்தானே ஒரு பையன், போன மாதம்தான் ஒரு பேண்டில், போன ஆளின் இடத்தில் சேர்ந்தவன், அவன் பார்த்தான். எல்லாரும் சிரிக்கும்போது அவனும் சிரித்தான், நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் யாராவது பார்த்தீர்களா? நாளைக்கு ஸ்டேஜில் ஒரு காலை முன்னால் எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பான்.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று வீடியோ போட்டவரிடம் தனியாகக் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு டீப் பர்ப்பிள் போடப்போவதாகச் சொன்னீர்கள். பிளாக்மோரா, அவர் இடத்துக்குப் பின்னால் வந்த ஸ்டீவ் மோர்ஸா என்று மறுபடி கை தூக்கச் சொல்வதாக இருந்தால் நான் வரவில்லை. போலின் வாசித்த 1975 ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் யாரும் பேசாமல், போடுவதாக இருந்தால் சொல்லுங்கள். வியாசர்பாடியிலிருந்து ஸ்பீக்கரை நானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.