அப்பா கேட்ட ஒரு கேள்வி

தீராத நோய் வந்தவரிடம் உண்மையை மறைப்பது குடும்பத்தார் காட்டும் கருணை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்தக் கருணையை நாங்களும் காட்டினோம். அதனால்தான் மறுக்கிறேன்.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும், மருத்துவ அறிக்கையை அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தோம். வயிற்றுப் புண் என்று சொன்னோம். ஒரு மாதம் கழித்து அவர் கேட்டார்: "ஏன் இப்போதெல்லாம் யாரும் என்னோடு சண்டை போடுவதில்லை?" யாரும் வாய் திறக்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முதல் தன் உடம்பைப் பற்றி எங்களிடம் எதுவுமே கேட்கவில்லை. எங்களுக்காக அவரும் நடிக்கத் தொடங்கிவிட்டார். ஒரே வீட்டுக்குள் தனித்தனியாக அழுதோம்.

மருத்துவர்களின் எண்ணமே இதில் தலைகீழாக மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1961-இல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 90 சதவீத மருத்துவர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. 1979-இல் வெளியான இன்னொன்றில் 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நோயாளியே சொன்னால் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நாமே முடிவு செய்ய நமக்கு என்ன உரிமை?

அப்பாவும் சித்தப்பாவும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. அழைத்தால் எங்கள் நடிப்பு கலைந்துவிடும் என்றோ என்னவோ, அப்பா அவரை அழைக்கவே இல்லை. சித்தப்பா வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது.