கண்ணைக் கட்டிவிட்டு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?

அந்தக் கல்லூரி வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். "சார், உங்க ஞாபகம் வந்துச்சு" என்று அன்போடுதான் அனுப்புகிறீர்கள், தெரியும். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

பார்வையின்மையைப் பற்றிய விழிப்புணர்வு என்று பிள்ளைகளின் கண்ணில் துணியைக் கட்டி, கையில் குச்சியைக் கொடுத்து மைதானத்தில் நடக்க விட்டிருக்கிறார்கள். ஒரு பெண் தேம்பி அழுகிறாள். மைக்கைப் பிடித்திருப்பவர், "இப்ப புரியுதா, கடவுள் நமக்கு எவ்வளவு கொடுத்திருக்கார்னு?" என்கிறார். கைதட்டல். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்வையற்ற என் வாழ்க்கையை அவளுக்கு அழ வேண்டிய வாழ்க்கையாகக் காட்டினார்களே, அதுதான் வலிக்கிறது. இதற்குப் பெயர் விழிப்புணர்வா?

கண்ணைக் கட்டினால் பார்வையின்மை புரியாது, பயம்தான் புரியும். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளி, தத்தளித்து ஏறியவனிடம் "நீச்சல் எப்படி இருந்தது?" என்று கேட்பது போலத்தான் இது. குச்சி பிடித்து நடக்க நாங்கள் மாதக்கணக்கில் பழகுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது முதல் பத்து நிமிடத்துத் தடுமாற்றம் மட்டும்.

இது என் மனக்குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் அரியேல் சில்வர்மன் என்ற உளவியல் ஆய்வாளர், அவரும் பார்வையற்றவர், தன் குழுவோடு இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார். கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், கட்டாதவர்களைவிட, பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனியாக வாழவும் அவ்வளவாக முடியாது என்றே மதிப்பிட்டார்கள். நல்லது செய்யப் போய், இருந்த மதிப்பையும் குறைத்துவிட்டு வருகிறோம்.

போன வருடம் நான் கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டது பலருக்குத் தெரியும். எனக்குக் கண் தெரியாததால் விழவில்லை. நடைபாதையில் பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்ததால் விழுந்தேன். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், போதும். என் கண்ணை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பைக்கை நகர்த்த முடியும்.

"அனுபவிச்சாத்தான சார் பிள்ளைங்களுக்குப் புரியும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, அனுபவிக்கட்டும். பார்வையற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உங்கள் கல்லூரி இணையதளத்தில் கட்டணம் கட்ட முயல்வதைப் பார்க்கட்டும். போன் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே வந்து, படத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ச்சாவில் நின்றுபோகும். யார் வழியை மறிக்கிறார்கள் என்று அப்போது தெரியும்.

நான் பி.ஏ. படித்தபோது எனக்குத் தேர்வு எழுத வந்த தம்பியை யாரும் கண்ணைக் கட்டி நடக்க விடவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதினான், அவ்வளவுதான். கூடுதல் நேரம் தரமாட்டேன் என்று கண்காணிப்பாளர் மறுத்தபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிஷம் உண்டு சார், ரூல்ஸ்ல இருக்கு" என்று எழுந்து நின்றவன் அவன்தான். என்னைப் பார்த்து அழாமல், எனக்காகச் சண்டை போட்டான்.

இப்போது என் வகுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பேசத் தொடங்கும்போதே பெயரைச் சொல்வார்கள். கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள், நான் பிடித்துக்கொண்டு நடக்க முழங்கையை நீட்டுவார்கள். இதற்கு நான் தனி வகுப்பு எடுக்கவில்லை. கூடவே இருந்ததில் வந்த பழக்கம்.

"நல்லெண்ணத்துல செஞ்சதைப் போய்க் குறை சொல்றீங்களே, உங்களுக்கெல்லாம் எது செஞ்சாலும் திருப்தி வராது" என்றும் ஒரு கமெண்ட். அந்த "உங்களுக்கெல்லாம்" என்பதை ஸ்க்ரீன் ரீடர் அழுத்தமில்லாமல்தான் வாசித்தது. எனக்கு அழுத்தமாகவே கேட்டது. ஐயா, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, எங்கள் உரிமைகளைப் பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறது. உரிமைகளை. இரக்கத்தை இல்லை. நல்லெண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நல்லெண்ணத்தால் என் மேல் வந்து விழும் பரிதாபத்தை நான்தானே சுமக்கிறேன்?

எங்களுக்கு வீடு தர மறுத்த வீட்டுக்காரர்கூட நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். அப்புறம், "ரெண்டு பேருக்குமே பார்வை இல்ல, கேஸ் அடுப்பு எப்படி சார் பத்த வைப்பீங்க? எங்களுக்குப் பயமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். கடுகு வெடிக்கிற சத்தத்திலும் வெங்காயம் வதங்குகிற வாசனையிலும் என் மனைவி சமைக்கிற சமையலை அவர் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்திருக்கலாம். வங்கியிலும் இதே கதை. பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஆனாலும், "யாரையாவது கூட்டிட்டு வாங்க சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று கவுன்ட்டரில் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாம் அந்த மைதானத்தில் கற்றுக்கொடுத்த அதே பயம்தான். அன்றைக்கு அழுத பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கு வீட்டுக்காரர் ஆவார், ஒருவர் வங்கி மேலாளர் ஆவார், ஒருவர் வேலைக்கு ஆள் எடுப்பார். என் மாணவன் ஒருவன் பார்வையற்றவனாக அவர் முன்னால் போய் நிற்கும்போது, அவருக்கு முதலில் நினைவுக்கு வரப்போவது எது? தான் பட்ட தடுமாற்றமா, இவன் வாங்கிய மதிப்பெண்ணா?

அந்தக் கல்லூரியில் யாருக்காவது ஆள் தெரிந்தால் இதை அனுப்பிவையுங்கள். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் சட்டப்படி 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு. உங்களிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள்? அந்த வீடியோவை முழுசாகக் கேட்டேன். அந்த மாற்றுத்திறனாளி மாணவர்களில் ஒருவரிடமாவது ஏன் மைக்கைக் கொடுக்கவில்லை?